ப்ராகில் ‘மூகா ஒரிஜினல்’ என்று யாராவது போஸ்டரை நீட்டினால் பர்ஸை எடுக்காதீர்கள்

ப்ராக் போகிற திட்டம் இருக்கிறவர்கள், அதிலும் போஸ்டர்களால் புகழ்பெற்ற செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் மூகாவின் படங்கள் மேல் ஆசை உள்ளவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். அவருக்கென்றே இருக்கிற சின்ன அருங்காட்சியகத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏமாற்றியது அங்கிருந்து சில தெருக்கள் தள்ளி இருக்கும் ஒரு ‘பழம்பொருள்’ கடை. போன பணம் 8,500 கொருனா, நம் கணக்கில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இப்போது போடவில்லை. பெயரைத் தெரிந்துகொண்டும் பெரிய பயன் இல்லை, அதே மாதிரி ஜன்னலில் மூகாவை மாட்டி வைத்துக் காத்திருக்கிற கடைகள் இன்னும் சில கண்ணில் பட்டன.

அருங்காட்சியகம் என்றதும் பெரிய மாளிகை, மணிக்கணக்கில் நடை என்று நினைக்க வேண்டாம். சில அறைகள்தான், நிதானமாகப் பார்த்தாலும் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அந்தப் போஸ்டர்களை அசல் அளவில் பார்ப்பது வேறு அனுபவம். ‘ஜிஸ்மோண்டா’ என்ற நாடகத்தின் போஸ்டர் இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், ஒரே தாளில் அடங்காமல் இரண்டு தாளாக அச்சிட்டு ஒட்டியது. 1894 கிறிஸ்துமஸ் சமயத்தில் நடிகை சாரா பெர்னார்டின் அந்த நாடகத்துக்கு அவசரமாகப் போஸ்டர் வேண்டியிருக்க, அச்சகத்தில் கைக்குக் கிடைத்தவர் மூகா என்பது அடிக்கடி சொல்லப்படும் கதை. 1895 ஜனவரி 1 அன்று அது பாரிஸ் சுவர்களில் ஏறியது, மூகாவின் தலையெழுத்தே மாறியது. அடுத்த சில வருஷங்களில் பிஸ்கட், பீர், ஷாம்பெய்ன், சைக்கிள், சாக்லேட், சிகரெட் சுற்றும் தாள் என்று எதை விற்பதானாலும் அவர் வரைந்த பெண்ணின் கூந்தல் தேவைப்பட்டது. (நம் ஊரில் ரவி வர்மா பம்பாயில் லித்தோ அச்சகம் தொடங்கியதும் அதே 1894தான். அங்கே சோப்பும் சைக்கிளும் சுவரில் ஏறின, இங்கே லட்சுமியும் சரஸ்வதியும் பூஜை அறையில் ஏறினார்கள்.)

இதையெல்லாம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது ஒன்றாவது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அந்தக் கடைகளின் வியாபாரமே அந்தத் துறுதுறுப்பை நம்பித்தான்.

எனக்குக் காட்டியது ‘ஜோப்’ சிகரெட் தாளுக்காக 1896-இல் வந்த போஸ்டர். கண்ணை மூடிக்கொண்டு, கையில் புகையும் சிகரெட்டோடு, கூந்தல் சுருள் சுருளாகக் கிளம்பிச் சட்டத்தையே தாண்டி ஓடுமே, அந்தப் பெண். கண்ணாடி போட்ட பழைய மரச்சட்டம், பின்பக்கம் முழுவதும் பழுப்புத் தாள் ஒட்டி மூடியிருந்தது. கடைக்காரர் குரலை உயர்த்தவே இல்லை, அவ்வளவு பொறுமை. ஒரு குடும்பத்தின் பரணில் கிடந்ததாம், கொஞ்சம் நிறம் மங்கியதால்தான் இந்த விலையாம். மூலையில் இருக்கும் மூகா கையெழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார், கீழே பொடி எழுத்தில் இருக்கும் ‘ஷாம்ப்பெனுவா, பாரிஸ்’ என்ற அச்சகப் பெயரைப் படித்துக் காட்டினார், தங்க நிற முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்றையும் நீட்டினார். சட்டத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். பழைய தாள், காற்றுப் பட்டால் உதிர்ந்துவிடும் என்றார். கார்டு இயந்திரம் வேலை செய்யவில்லை, ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி என்றார். செக்கோஸ்லோவாக்கியா பிறந்ததும் அதற்குத் தபால்தலையும் பணத்தாளும் வரைந்துகொடுத்தவர் மூகா. அவர் பெயரைச் சொல்லியே பணத்தாளைக் கறக்கிறார்கள், வேறென்ன சொல்ல.

ஊர் வந்து பெட்டியைத் திறந்தால் கண்ணாடி விரிசல். ஃப்ரேம் போடும் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருப்பவர் முன்பு ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தவர். பின்தாளைக் கிழித்துப் படத்தை வெளியே எடுத்தவர், மேஜையில் கிடந்த லென்ஸை அந்தப் பெண்ணின் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இதை எவ்வளவுக்கு வாங்குனீங்க?” என்றார். சொன்னேன். பதில் சொல்லாமல் லென்ஸை என் பக்கம் தள்ளினார். கன்னம் முழுக்கப் புள்ளி. நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு, நாலும் சின்னச் சின்னப் பூப் போல வரிசை பிசகாமல். “செய்தித்தாள் இணைப்புல சினிமா படம் வருமே, அதே கதைதான்” என்றார்.

மூகா காலத்துப் போஸ்டர் கல்லச்சு (லித்தோ). சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையாலும் கிரையானாலும் வரைந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அச்சிடுவார்கள். அதை லென்ஸில் பார்த்தால் நிறம் ஒரே பூச்சாக இருக்கும், இல்லையென்றால் மணலைத் தூவியது போல ஒழுங்கில்லாத பொரிப்பொரியாகத் தெரியும். ஒழுங்காக அடுக்கிய புள்ளி வந்தாலே அது ஃபோட்டோவிலிருந்து எடுத்த அச்சு, பேச்சே வேண்டாம். பத்து மடங்கு லென்ஸ் சட்டைப் பையில் அடங்கிவிடும், கண்ணாடிக்கு மேலேயே வைத்தும் ஓரளவு பார்த்துவிடலாம்.

அடுத்தது அளவு. இந்த 1896 ஜோப் போஸ்டர் ஏறக்குறைய 67க்கு 46 சென்டிமீட்டர். என்னிடம் இருந்தது கச்சிதமாக 70க்கு 50, அதாவது ஐரோப்பாவில் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் சட்டத்தின் அளவு. சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டுச் சரிக்கட்டியிருக்கிறார்கள். தாளும் கெட்டியாக, வழவழவென்று இருந்தது. அந்தக் காலத்துத் தெருப் போஸ்டர் மெல்லிய மலிவான தாள், தப்பிப் பிழைத்தவற்றில் பலவற்றுக்கு மடிப்புத் தழும்பு உண்டு, பெரும்பாலும் பின்னால் துணி ஒட்டிக் காப்பாற்றி வைத்திருப்பார்கள். புற ஊதா டார்ச் அடித்தால் என் தாள் நீலமாகப் பளீரிட்டது. அப்படிப் பளீரிட வைக்கும் வெளுப்பூட்டும் ரசாயனம் தாளில் சேர ஆரம்பித்ததே 1950 வாக்கில்தான். டார்ச்சில் ஒளிராவிட்டால் அசல் என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள், இன்றைக்கும் அந்த ரசாயனம் சேர்க்காத தாள் கிடைக்கிறது. கையெழுத்தும் அச்சகப் பெயரும் எதையும் நிரூபிக்காது, படத்தோடு சேர்ந்து அவையும் நகலாகிவிடும்.

பழைய தாளாகத் தெரிந்தாலும் உஷாராக இருங்கள். 1963-இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்காட்சி நடந்த பிறகு மூகா மோகம் திரும்பவும் கிளம்பியது, அந்தக் காலகட்டத்து நகல்களே இப்போது அரை நூற்றாண்டுப் பழசு. இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. 1895 முதல் 1900 வரை ‘மேத்ர் த லாஃபீஷ்’ என்ற தொகுப்பில் 240 போஸ்டர்களைச் சின்ன அளவில், சுமார் 40க்கு 29 சென்டிமீட்டர் தாளில், கல்லச்சிலேயே போட்டார்கள். மூலையில் மையில்லாத புடைப்பு முத்திரை இருக்கும். அவை மதிப்புள்ளவைதான், ஆனால் தெருவில் ஒட்டிய போஸ்டர் இல்லை. அதைப் போஸ்டர் என்று போஸ்டர் விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

மூகா இறந்தது 1939. ஐரோப்பாவில் எழுபது வருஷக் காப்புரிமை முடிந்து 2010 முதல் அவர் படத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், விற்கலாம். நகல் விற்பது தப்பே இல்லை, அதை 1896 என்று சொல்லி விற்றதுதான் பித்தலாட்டம். அதற்கும் அவர்கள் முன்னேற்பாடாக இருக்கிறார்கள். பில்லில் செக் மொழியில் இருந்ததை மொழிபெயர்த்துப் பார்த்தால் ‘சட்டமிட்ட அலங்காரப் படம்’. சான்றிதழில் இருப்பது ‘1896 படைப்பின் உண்மையான பதிப்பு’. வாயால் சொன்னது எதுவும் காகிதத்தில் இல்லை. மின்னஞ்சல் அனுப்பினேன், நாங்கள் அலங்காரப் படம்தான் விற்றோம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. பதினான்கு நாளில் திருப்பித் தரும் உரிமை ஐரோப்பாவில் இருக்கிறதே என்பீர்கள். அது இணையத்தில் வாங்குவது போன்றவற்றுக்குத்தான், கடைக்குள் நடந்துபோய் வாங்கியதற்குப் பொருந்தாது. கார்டில் கட்டியிருந்தால் வங்கி மூலமாவது சண்டை போடலாம், ரொக்கத்துக்கு அதுவும் இல்லை. அந்த இயந்திரம் ஏன் ‘வேலை செய்யவில்லை’ என்பது இப்போது புரிகிறது.

படம்தான் வேண்டுமென்றால் அருங்காட்சியகத்தின் கடையிலேயே நகல் என்று சொல்லியே விற்கிறார்கள், அதை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். அசல்தான் வேண்டுமென்றால் ஏல நிறுவனங்களிடம் போங்கள், விலை லட்சங்களில் இருக்கும். மீறி இப்படி ஒரு கடைக்குள் போய்விட்டால், ‘1896, கல்லச்சு, ஷாம்ப்பெனுவா அச்சகம், பிற்கால நகல் அல்ல’ என்று பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாசல் பக்கம் நடையைக் கட்டுங்கள்.

செக் நாட்டின் வணிக ஆய்வு அமைப்புக்குப் பில், சான்றிதழ், லென்ஸ் வழியாக எடுத்த ஃபோட்டோ எல்லாம் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். பணம் திரும்பும் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லை. பதில் வந்தால் இதன் கீழேயே சேர்க்கிறேன்.