பணி வண்டியில் சொந்தமாகச் செய்த இரும்புச் சட்டங்கள்: ஆறு ஆண்டு அனுபவம்

இயந்திரங்கள் நின்றுபோன இடத்துக்கே சென்று பழுதுபார்ப்பது என் தொழில். கம்ப்ரசர், வெல்டிங் ஜெனரேட்டர், பொருளைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், இரண்டு டூல்ஸ் பெட்டிகள் ஆகியவற்றை, நானே அறுத்துப் பற்றவைத்த சட்டங்களில் என் சிறிய சரக்கு வண்டியின் மீது பொருத்தி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது இருப்பது இரண்டாவது சட்டம். முதலாவது எட்டு மாதம்கூட முழுதாகத் தாங்கவில்லை.

அதை 50×50×6 மி.மீ. எல் ஆங்கிளில் (‘L’ வடிவ இரும்பில்) செய்திருந்தேன். மீட்டருக்கு நாலரை கிலோ எடையுள்ள இரும்பு உடையாது என்ற நினைப்பில், சேசிஸோடு (வண்டியின் பாரத்தைத் தாங்கும் அடிக்கூட்டோடு) ஆறு இடங்களில் அசையாதபடி முடுக்கியும் விட்டேன். ஒருநாள் வண்டியைக் கழுவும்போது முன்மூலையில் தலைமுடி அளவுக்கு ஒரு செந்நிறக் கோடு தெரிந்தது. பெயிண்ட் கீறல் என்று துடைத்துவிட்டேன். அடுத்த வாரம் அதே இடத்தில் துரு கசிந்து, கோடு கட்டைவிரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. வெல்டிங் விடவில்லை, அதன் ஓரத்தில் இருந்த இரும்புதான் கீறியிருந்தது. மேலே இன்னொரு பூச்சு வெல்டிங் வைத்தேன். இரண்டு அங்குலம் தள்ளி மறுபடியும் கீறியது. மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் சேசிஸ் முறுக்கிக்கொள்கிறது; அதோடு சேர்ந்து முறுக முடியாத சட்டம் அந்த விசை முழுவதையும் மூலைகளில் வாங்கிக்கொள்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது சட்டத்தை 40×40×3 மி.மீ. சதுரக் குழாயில், முன்னதைவிட இலகுவாகவே செய்தேன். பின்பக்க இரண்டு முனைகள் நேரடியாக இறுக்கப்பட்டிருக்க, முன்பக்க இரண்டும் தடித்த ரப்பர் மெத்தைகளின் மேல் அமர்ந்து சற்றே ஆட இடம் பெற்றிருக்கின்றன. சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடவில்லை. வண்டி வளையும்போது அதிக விசை விழுவது அங்கேதான் என்பதால், அந்த விளிம்புகளுக்கு இடையே செங்குத்தாக நிற்கும் நடுப்பட்டையில் ஏற்கெனவே இருந்த துளைகளையே பயன்படுத்தினேன். இன்றுவரை ஒரு விரிசலும் இல்லை.

போல்ட்டுகள் 12 மி.மீ., 8.8 என்ற வலிமைத் தரம். ஸ்பிரிங் வாஷரை நம்பியது தவறு. கம்ப்ரசரின் அதிர்வில் சில வாரங்களிலேயே கழன்றன. உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டுக்கு மாறியபின், நட்டையும் சட்டத்தையும் சேர்த்து ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு இழுத்து வைத்திருக்கிறேன். கோடு விலகினால் நட்டு திரும்பியிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

ஜெனரேட்டரை முதலில் பின் அச்சுக்கும் பின்னால் வைத்திருந்தேன். ஸ்டீயரிங் பயமூட்டும் அளவுக்கு இலகுவானதால், கேபினை ஒட்டி முன்னுக்கு நகர்த்தினேன். இன்னொரு பிழை அவசரத்தில் செய்தது: பேட்டரி இணைப்பைக் கழற்றாமல், வெல்டிங் மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் கிளாம்பையும் எங்கோ தொலைவில் மாட்டி வண்டியின் மேலேயே ஒரு கொக்கியைப் பற்றவைத்ததில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போயின.

குழாயின் முனைகளை அடைத்துவிட்டால் தண்ணீர் புகாது என்றும் நம்பியிருந்தேன். மூன்றாம் ஆண்டு அடிப்பக்கத்தில் ஒரு துளை போட்டபோது, கடுந்தேநீர் நிறத்தில் துருத்தண்ணீர் கொட்டியது. போல்ட் துளைகள் வழியாக இறங்கியிருக்கிறது. குழாய்ச் சட்டம் செய்பவர்கள் வடிதுளையை முதல் நாளே போட்டுவிடலாம். அலுமினியப் பெட்டி இரும்பைத் தொட்ட இடத்தில் வெண்பொடி பூத்ததால் இடையில் ரப்பர் தாள் விரித்திருக்கிறேன்.

வைஸ் மட்டும் இன்னும் முழுத் திருப்தி தரவில்லை. பின்மூலையில் இருப்பதால், சுத்தியலால் அடித்தால் வண்டியே ஸ்பிரிங் பட்டைகளின் மேல் ஆடி அடியை விழுங்கிவிடுகிறது. அதற்காக, தரையில் ஊன்றும் மடக்குக் கால் ஒன்றைச் சேர்த்தேன். ஒருமுறை அதை மடக்காமலே வண்டியை எடுத்து வளைத்தும் விட்டேன். இப்போது காலை இறக்கியதும், அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் பின்னைக் கொண்டுபோய் ஸ்டீயரிங்கில் தொங்கவிடுகிறேன்.