மருத்துவ மாணவர்களுக்கான தையல் பயிற்சிப் பெட்டி: ஆறு வாரப் பயன்பாட்டுக்குப் பின்

ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி மருத்துவராக) அறுவைச் சிகிச்சைப் பிரிவில் சேர்வதற்கு முன், இணையத்தில் வாங்கிய தையல் பயிற்சிப் பெட்டி ஒன்றை ஆறு வாரங்கள் பயன்படுத்தினேன். தோல், கொழுப்பு, தசை என மூன்று அடுக்குகள் கொண்ட சிலிக்கான் திண்டு, ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டர், பல்லுள்ள ஃபோர்செப்ஸ் (இடுக்கி), கத்தரிக்கோல், ஊசி கோத்த 3-0 தடிமன் சில்க், நைலான் நூல்கள் ஆகியவை அதில் இருந்தன.

கையைப் பழக்குவதில் இந்தப் பெட்டி உண்மையாகவே உதவுகிறது. நூல் இணைந்த முனையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஊசியைப் பிடித்து, தோலில் செங்குத்தாக இறக்கி, மணிக்கட்டைச் சுழற்றி அதன் வளைவின் போக்கிலேயே வெளியே எடுக்க வேண்டும் என்பதை வகுப்பில் பலமுறை கேட்டிருந்தும், ஊசியை நேராகத் தள்ளிய இடங்களிலெல்லாம் திண்டு கிழிந்ததைப் பார்த்த பிறகே அதன் காரணம் எனக்கு விளங்கியது. பல இழைகளால் பின்னிய சில்க்கில் முடிச்சு எளிதாக நிற்கிறது. ஒற்றை இழையான நைலானோ பழைய வளைவுக்கே திரும்பப் பார்ப்பதால் கூடுதல் முடிச்சுகளைக் கேட்கிறது. ஒரே தையலில் ஆழமாக ஒருமுறையும் மேலாக ஒருமுறையும் ஊசி கோக்கும் வெர்ட்டிகல் மேட்ரஸ் முறையில் காய விளிம்புகள் சற்றே மேலெழுந்து சேர்வதையும் திண்டில் தெளிவாகக் காண முடிகிறது.

முடிச்சின் இறுக்கத்தைத்தான் இது கற்றுத் தருவதில்லை. அளவுக்கு மீறி இறுக்கினால் உயிருள்ள தோல் வெளிறும், இரத்த ஓட்டம் தடைபட்டு விளிம்பு அழியவும் கூடும். சிலிக்கானோ எவ்வளவு இறுக்கினாலும் நிறம் மாறாமல் கிடக்கிறது.

இதைவிட எனக்குக் கவலை தந்தது உடன் வந்த கையேடு. எட்டு வகைத் தையல்களைப் படத்துடன் விளக்கும் அது, எந்தக் காயத்தை உடனே தைத்து மூடக்கூடாது என்பதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. கீறிச் சீழை வெளியேற்றிய கட்டியைப் பொதுவாகத் திறந்தே விட்டு, உள்ளிருந்து ஆறவிட வேண்டும். நாய்க்கடிக் காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தையலைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். தவிர்க்கவே முடியாதபோது, காயத்தினுள்ளும் சுற்றிலும் ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் (வெறிநாய்க்கடி நோய்க் கிருமிக்கு எதிரான ஆயத்த எதிர்ப்பொருள்) செலுத்திய பிறகே, தளர்வாகச் சில தையல்கள் போடலாம். கேஷுவால்டியில் முதல் இரவுப் பணியிலேயே தேவைப்படக்கூடிய இந்த அறிவுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

கத்தரிக்கோல் மூன்றாம் வாரத்திலேயே மழுங்கிவிட்டது. நூலும் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், வாங்குவோர் நைலானைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.