காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத டீசல் கார்: "இன்ஜெக்டர் நாலும் போச்சு" என்றால் உஷார்

டீசல் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட் மட்டும் தகராறு, மற்ற நேரமெல்லாம் வண்டி ஒழுங்கு என்று போய் நிற்பவர்களிடம் "இன்ஜெக்டர் நாலும் அவுட், மாத்தியே ஆகணும்" என்று சொல்லிப் பெரிய பில்லைத் தலையில் கட்டுகிறார்கள். என் தலையில் கட்டியேவிட்டார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் ஒர்க்‌ஷாப்பின் பெயரைப் போடவில்லை. (இன்ஜெக்டர் என்பது டீசலை சிலிண்டருக்குள் பீய்ச்சும் பாகம்.)

குளிரான காலைகளில் செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. ஒருவழியாகப் பிடிக்கும்போது வண்டி மொத்தமும் குலுங்கும். பின்னால் வெள்ளைப் புகை, கண்ணைக் கரிக்கிற டீசல் வாடை. சிறிது நேரம் ஓடினால் எல்லாம் அடங்கிவிடும். அதன்பிறகு ராத்திரி வரை சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் ஸ்டார்ட். என்னுடையது காமன் ரெயில் இன்ஜின், அதாவது ரெயில் என்ற ஒரே குழாயில் அதிக பிரஷரில் டீசலைச் சேர்த்து எல்லா இன்ஜெக்டருக்கும் அனுப்பும் வகை.

மத்தியான நேரத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஓட்டிக்கொண்டு வந்த இன்ஜின் சூடாக இருக்கும். சூடான இன்ஜினில், குளிர்ந்திருக்கும்போது வரும் ஸ்டார்ட்டிங் கோளாறை எப்படிப் பார்ப்பார்கள்? பார்க்கவில்லை. ஸ்கேனரைச் செருகினார்கள், ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், அட்வைசர் வந்து "ரிட்டர்ன் ஓவரா இருக்கு சார், ரெயில்ல பிரஷர் நிக்கல" என்றார். ரிட்டர்ன் என்பது இன்ஜெக்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பிப் போகும் டீசல். மறுநாள் காலை ஒரு தம்பி ஏர் ஃபில்டர் பக்கம் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு செல்ஃப் அடித்தார். உடனே பிடித்தது. "பாத்தீங்களா சார், ஸ்ப்ரே அடிச்சா எடுக்குது. அப்ப டீசல் வரலைனுதானே அர்த்தம்?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் டீசல் வராத வண்டி, செல்ஃப் அடிக்கும்போது புகையே விடாது. வெள்ளைப் புகையும் டீசல் வாடையும் வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியாமல் வெளியே வருகிறது என்று பொருள். (அந்த ஸ்ப்ரே ஈதர். ஹீட்டர் பிளக் (குளிரில் சிலிண்டருக்குள் கரண்டில் சூடாகும் பிளக்) வேலை செய்யும் இன்ஜினில் அதை அடித்தால் இன்டேக்கிலேயே தீப்பிடிக்கலாம், பிஸ்டனும் அடிவாங்கலாம். உங்கள் வண்டியில் யாரையும் அடிக்க விடாதீர்கள்.)

ரிட்டர்ன் கதையும் அப்படித்தான். இன்ஜெக்டர் தேய்ந்து ரிட்டர்ன் அதிகமானால் தொந்தரவு பெரும்பாலும் சூட்டில்தான் கூடும். சூடான டீசல் இளகிச் சீக்கிரம் கசிந்துவிடும், ஸ்டார்ட் ஆகத் தேவையான பிரஷர், பல இன்ஜின்களில் சுமார் 200 பார், ஏறாது. ஹைவேயில் ஓட்டிவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து எடுத்தால் எடுக்காத வண்டிக்கு இன்ஜெக்டரைச் சந்தேகப்படலாம். என் வண்டி சூட்டில் தங்கம். ரிட்டர்ன் டெஸ்ட் என்றால் நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு, எதில் டீசல் அதிகம் சேர்கிறது என்று ஒப்பிட வேண்டும். அந்தப் பாட்டிலை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

நாலு இன்ஜெக்டர் மாற்றியாகிவிட்டது. அடுத்த குளிர் காலையில் அதே கூத்து, கூடவே ஐடிலிங்கில் முன்பு இல்லாத ஒரு தட்டல் சத்தம். போன் பண்ணினால் "அப்ப ஹை பிரஷர் பம்ப்தான் சார்" என்கிறார்கள். அங்கே நிறுத்திக்கொண்டு, நண்பர் சொன்ன ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன்.

அவர் செய்தது இவ்வளவுதான். சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். காலையில் நான் வந்த பிறகுதான் பானெட்டைத் திறந்தார். முதலில் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜைப் பார்த்தார். 10-க்கு மேலே நின்றது. 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியையோ எர்த் வயரையோ முதலில் கவனிக்க வேண்டும், செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலே டீசல் இன்ஜின் எடுக்காது என்றார். ஃபில்டர் மேலிருக்கும் ஹேண்ட் பம்பை அமுக்கிப் பார்த்தார், கல் மாதிரி இறுகி இருந்தது. ராத்திரியில் லைன் ஏர் எடுத்து டீசல் டேங்குக்கே இறங்கியிருந்தால் அது தளதளவென்று இருக்குமாம்; நாலு அமுக்கு அமுக்கியதும் வண்டி எடுத்துவிட்டால் ஃபில்டர் ஹவுசிங்கின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) பார்க்க வேண்டுமாம். ஸ்கேனரில் கூலன்ட் சூடு காட்டுவதும் வெளியே இருக்கிற குளிரும் கிட்டத்தட்ட ஒன்றா என்றும் பார்த்துக்கொண்டார். சென்சார் பொய்யாகச் சூடு காட்டினால் ஹீட்டர் பிளக்குக்கு கரண்டே போகாது.

பிறகு டெஸ்ட் லேம்ப். கிளிப்பை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, வயரைக் கழற்றிய ஒவ்வொரு ஹீட்டர் பிளக்கின் தலையிலும் முனையை வைத்தார். நாலிலும் எரிந்தது, பிளக் நல்லது. வயரைத் திரும்ப மாட்டி, சாவியை ஆன் செய்யச் சொல்லி, வரும் கரண்டைப் பார்த்தார். சுத்தமாக இல்லை. டாஷ்போர்டில் ஹீட்டர் பிளக்குக்கான சுருள் விளக்கு வழக்கம்போல எரிந்து அணைந்தது. பல வண்டிகளில் அந்த விளக்கு நேரத்தைப் பார்த்து அணைவது, பிளக் சூடாகிவிட்டது என்பதற்கு அது சாட்சி இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டே ரிலே (பிளக்குக்கு கரண்ட் விடும் சுவிட்ச்) வரை போனார். ரிலேயை இழுத்ததும் சாக்கெட்டில் ஒரு கால் கறுத்து, பிளாஸ்டிக் உருகி, தடிமனான வயரின் நுனியில் பச்சைக் களிம்பு. அதுதான் கோளாறு. ஒரு ரிலே, ஒரு சாக்கெட், கொஞ்சம் வயர்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அமுக்குவதில் வரும் சூட்டில்தான் டீசல் எரிகிறது. குளிர்ந்து கிடக்கும் இன்ஜினில் அந்தச் சூட்டைச் சுற்றியுள்ள இரும்பே குடித்துவிடும். அதை ஈடுகட்டத்தான் ஹீட்டர் பிளக். அதுக்கு கரண்ட் வராதபோது இன்ஜெக்டரை மாற்றி என்ன பயன்?

என் ரத்தம் கொதித்தது அதற்குப் பிறகுதான். அண்ணன் அந்த ஒர்க்‌ஷாப் அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டார். போனில் காட்டினேன். இரண்டாவது வரியிலேயே பி0380. ஹீட்டர் பிளக் சர்க்யூட் கோளாறுக்கான எரர் கோடு (code). அட்வைசர் அதை "பழைய எரர் சார், கிளியர் பண்ணிட்டோம்" என்று தாண்டிப் போயிருந்தார். ரெயில் பிரஷர் குறைவு என்பதற்கு வரவேண்டிய பி0087 அந்த ரிப்போர்ட்டில் எங்குமே இல்லை.

இன்ஜின் கவரைக் கழற்றியதும் இன்னொன்று. "புதிய" இன்ஜெக்டர் ஒன்றின் உடம்பில் வெள்ளை மார்க்கரில் 3 என்று எழுதியிருந்தது, பக்கத்துக்கு பக்கம் பழைய கரி. பெரும்பாலான காமன் ரெயில் இன்ஜெக்டர்களின் தலையில் ஒரு திருத்தக் கோடு (அந்த இன்ஜெக்டருக்கே உரிய எண்) அச்சடித்திருக்கும். மாற்றினால் அதை இசியுவில் (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஏற்ற வேண்டும். இசியுவில் இருந்த கோடுகள் நாலும் தலையில் இருந்தவற்றோடு பொருந்தவில்லை. அதாவது, யார் வண்டியிலிருந்தோ கழற்றியதை மாட்டி, கோடும் ஏற்றாமல் அனுப்பியிருக்கிறார்கள். தட்டல் சத்தம் அங்கிருந்து வந்தது. இன்ஜெக்டரின் அடியில் கசிவை அடைக்கும் காப்பர் வாஷரும் பழையதே. ஒரு இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கருப்பு படிய ஆரம்பித்திருந்தது. நல்ல நிலையில் இருந்த என் இன்ஜெக்டர்கள்? "எக்ஸ்சேஞ்சில் கம்பெனிக்குப் போயிடுச்சு" என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியை உங்கள் முன்னால் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமல் யாரும் முடிவு சொல்ல விடாதீர்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு கோடு விடாமல் விளக்கம் கேளுங்கள். ஹீட்டர் பிளக்குக்கு வரும் கரண்டை அளந்து காட்டச் சொல்லுங்கள். ஆனால் புது மாடல்களில் குறைந்த வோல்ட் பிளக் வருவதால், நேராக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்கிறேன் என்பவரைத் தடுங்கள், பிளக் எரிந்துபோகும். இன்ஜெக்டரைத் தொடுவதற்கு முன் ஒவ்வொன்றின் தலையையும் போட்டோ எடுங்கள். பழைய பாகம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

ரிலே மாற்றி, வாஷர் புதிதாகப் போட்டு, இருக்கிற இன்ஜெக்டர்களுக்குக் கோடும் ஏற்றியாயிற்று. குளிரில் இப்போது முதல் சுற்றிலேயே எடுக்கிறது, தட்டல் மட்டும் லேசாக மிச்சம். ஒர்க்‌ஷாப் மேனேஜர் அடுத்த சர்வீசுக்கு லேபர் இல்லாமல் பார்த்துத் தருகிறேன் என்றார். என் நாலு இன்ஜெக்டரும் திரும்ப வேண்டும், இல்லையேல் பில் தொகை முழுதும் வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன்.