சோன் வால்வுகளோடு ஒன்பது குளிர்காலம்

எங்கள் வீட்டில் தண்ணீரைச் சூடாக்கிக் குழாய் வழியே அனுப்பி அறைகளைக் கதகதப்பாக்கும் ஒரு பாய்லர், அதிலிருந்து பிரியும் மூன்று சோன்கள் (தனித்தனியாகச் சூடாக்கும் பகுதிகள்). ஒவ்வொன்றுக்கும் அறை குளிர்ந்தால் சூடு கேட்கும் தனி தெர்மோஸ்டாட், அந்தப் பகுதிக்குத் தண்ணீரைத் திறந்து மூடும் மோட்டார் வைத்த தனி சோன் வால்வு. ஒன்பது குளிர்காலத்தில் பாய்லர் ஒரு தடவைகூடத் தொந்தரவு கொடுத்ததில்லை. படுத்தியெடுத்ததெல்லாம் வால்வுகள்தான்.

மூன்றாவது குளிர்காலத்தில் மேல்தளம் சூடாகவே இல்லை. பார்க்க வந்தவர் முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார், அப்புறம் பம்பை மாற்றினார். இரண்டுக்கும் பணம் கொடுத்தும் மேல்தளம் ஜில்லென்றே இருந்தது. சில நாள் கவனித்த பிறகுதான் ஒன்று பிடிபட்டது: கீழ்த்தளத்தில் ஹீட்டிங் ஓடும்போது மட்டும் மேல்தளமும் சூடாகிறது! அப்படியென்றால் மேல்தள வால்வு திறக்கிறது, தண்ணீரும் போகிறது. பாய்லருக்குத்தான் தகவல் போகவில்லை.

இது புரிய வால்வின் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெர்மோஸ்டாட் கூப்பிட்டதும் 24 வோல்ட் ஏசி மின்சாரம் வந்து, மோட்டார் ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வைத் திறக்கும். திறந்து முடிந்ததும் உள்ளே இருக்கும் எண்ட் ஸ்விட்ச் இணைந்து பாய்லரையும் பம்பையும் ஓடச் சொல்லும். நான்கு ஒயரில் இரண்டு மோட்டாருக்கு, இரண்டு இந்த ஸ்விட்சுக்கு. வால்வு திறந்திருக்கும்போது ஸ்விட்ச் ஒயர் இரண்டையும் கழற்றி மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் இணைப்பே இல்லை. மோட்டார் தலையை (வால்வின் மேல் உட்காரும், மோட்டாரும் ஸ்விட்சும் உள்ள பகுதி) மட்டும் மாற்றினேன், சரியாகிவிட்டது. எங்கள் மாடலில் அதற்குத் தண்ணீரை வடிக்க வேண்டியதில்லை; வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆறாவது வருடம் நேர்மாறு. படுக்கையறைப் பக்கம் யாரும் கேட்காமலே வெந்தது. தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்து, வேறு சோன் ஓடும்போது வால்வுக்கு இருபுறமும் குழாயைத் தொட்டுப் பார்த்தேன் (சுடும், கவனம்). இரண்டு பக்கமும் ஒரே சூடு, அதாவது வால்வு மூடவில்லை. வால்வின் பக்கவாட்டில் இருக்கும் லிவரை நகர்த்தினால் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கையில் தெரிய வேண்டும், தொளதொளவென்று போனது. வால்வுக்கு மின்சாரம் வராத நேரத்தில் அப்படிப் போனால் வால்வு ஏற்கெனவே திறந்து நிற்கிறது என்று பொருள். லிவரை யாராவது திறந்த நிலையில் மாட்டி வைத்திருந்தாலும் இதே கதைதான், அதை முதலில் பாருங்கள். எனக்கு ஸ்பிரிங் போயிருந்தது.

வால்வு திறக்கவே இல்லையென்றால் மோட்டார் முனைகளில் வோல்டேஜ் பாருங்கள். சுமார் 24 வந்தும் அசையாவிட்டால் மோட்டார் போயிருக்கலாம், இல்லை வால்வே இறுகியிருக்கலாம். எதுவுமே வரவில்லையென்றால் தெர்மோஸ்டாட், ஒயர், 24 வோல்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் தேடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மோட்டார் வால்வு ஒன்று சுமார் 7, 8 விஏ (வோல்ட்-ஆம்பியர், மின்சுமையின் அளவு) எடுக்கும். மெழுகைச் சூடாக்கித் திறக்கும் வகையில் 20 விஏவுக்கு மேல் எடுப்பவை உண்டு. 40 விஏ டிரான்ஸ்ஃபார்மரில் அந்த வகை மூன்றைக் கணக்குப் பார்க்காமல் மாட்டினால், எல்லா சோனும் ஒன்றாகக் கேட்கும் கடுங்குளிர் நாளில்தான் தகராறு வரும்.

இந்த வருடம் கீழ்த்தள வால்வு திறக்கும்போது லேசாகக் கறகறக்கிறது. மாற்றுத் தலை ஒன்றை வாங்கி பாய்லர் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.