பழைய ஃபைபர் சேனல் கார்டு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: ஸ்டிக்கரில் ஒரு எண், உள்ளே வேறு எண்

எங்கள் விஎம்வேர் கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டம்) ஹோஸ்ட், அதாவது சர்வர், கூட்ட வேண்டியிருந்தது. புது கார்டு வாங்க பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை. அதனால் ரீஃபர்பிஷ்டு சர்வர் பாகங்கள் விற்கும் ஒருவரிடம் க்யூலாஜிக் க்யூஎல்இ2562 கார்டுகளை வாங்கினோம். சர்வரை ஸ்டோரேஜ் நெட்வொர்க்கோடு இணைப்பவை இவை. 8 ஜிகாபிட், இரட்டை போர்ட். "எல்லாம் டெஸ்ட் பண்ணது சார், ஒரு வருஷம் வாரண்டி" என்றார். பில்லிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

முதல் ஹோஸ்ட் ஒழுங்காக ஓடியது. இரண்டாவதில் லிங்க் லைட் எரிகிறது, விசென்டரில் (விஎம்வேரை நிர்வகிக்கும் சாஃப்ட்வேர்) விஎம்ஹெச்பிஏ2 என்று அடாப்டரும், அதாவது கார்டும், தெரிகிறது, ஆனால் ஒரு டேட்டாஸ்டோர்கூட (சேமிப்பிடம்) வரவில்லை. கேபிளை மாற்றினோம், எஸ்எஃப்பியை (கேபிள் செருகும் ஆப்டிகல் மாட்யூல்) மாற்றினோம், டிரைவரையும் மாற்றிப் பார்த்தோம். இரண்டு ஹோஸ்ட்டையும் ரீபூட் செய்தபோது நிலைமை அப்படியே தலைகீழானது. இப்போது இரண்டாவது ஹோஸ்ட் உள்ளே போய், முதல் ஹோஸ்ட்டுக்கு மட்டும் ஒதுக்கியிருந்த லன்களை (ஸ்டோரேஜிலிருந்து பிரித்துக் கொடுக்கும் டிஸ்க்குகள்) காட்டுகிறது. முதலாவது வெளியே நிற்கிறது. தனக்குச் சொந்தமில்லாத பூட் லன் (இன்னொரு ஹோஸ்ட் பூட் ஆகும் டிஸ்க்) ஒரு ஹோஸ்ட்டின் கையில் சிக்கினால் டேட்டா கெட்டுப்போகலாம் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் கார்டையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் ஸ்விட்ச் பக்கம் போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. இரண்டு கார்டும் ஒரே வேர்ல்ட் வைட் போர்ட் நேமை, அதாவது ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய அடையாள எண்ணை, சொல்கின்றன. 21:00:00:24 என்று தொடங்கும் அந்த 16 இலக்க ஹெக்ஸ் எண் கடைசி இலக்கம் வரை ஒன்று. கார்டின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களில் மட்டும் வேறு வேறு எண்கள். ஒரே நம்பர் பிளேட்டில் இரண்டு வண்டி ஓடுவது மாதிரிதான் இது. ஸ்டோரேஜ் டீம் ஸ்டிக்கரைப் பார்த்து ஜோனிங்கும் (யார் யாரோடு பேசலாம் என்று ஸ்விட்சில் வகுப்பது) மாஸ்கிங்கும் (எந்த லன் யாருக்குத் தெரியும் என்று ஸ்டோரேஜில் வகுப்பது) செய்து வைத்திருந்தது. இரண்டாவது கார்டின் ஸ்டிக்கரில் இருந்த எண்ணை ஸ்விட்ச் ஒருபோதும் பார்க்கவே இல்லை.

இது எப்படி நடக்கும்? போர்ட் நேம் கார்டின் ஃபிளாஷ் மெமரியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு கார்டின் ஃபிளாஷை முழுசாக நகலெடுத்து மற்ற கார்டுகளில் ஏற்றினால் அந்த எண்ணும் கூடவே போய்விடும். எண்ணைத் திருப்பி எழுதுவது ஒரு சின்ன வேலை. அதைக்கூடச் செய்யாமல் "டெஸ்டட்" என்று விற்றிருக்கிறார்கள்.

விற்றவரிடம் கேட்டால், "லிங்க் வருதுல்ல சார், அப்போ கார்டு நல்லாத்தான் இருக்கு. நம்பரை நீங்களே மாத்திக்கலாமே" என்கிறார். காசு வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்வதை ஏற்க முடியாது. தனித்தனியாகச் சோதித்தால் எல்லா கார்டும் தேறிவிடும். இரண்டையும் ஒரே ஃபேப்ரிக்கில் (ஸ்விட்சுகள் சேர்ந்த நெட்வொர்க்) மாட்டும்போதுதான் குட்டு உடையும். அவர் சொல்லும் டெஸ்ட் இதைப் பிடிக்கவே பிடிக்காது.

வாங்குகிறவர்கள் இதைச் செய்யுங்கள். விசென்டரில் ஹோஸ்ட்டைத் தேர்ந்தெடுத்து, கான்ஃபிகர், அப்புறம் ஸ்டோரேஜ் அடாப்டர்ஸ் போங்கள். அங்கே விஎம்ஹெச்பிஏ எண்ணை நம்பாதீர்கள். அது அந்த ஹோஸ்ட்டுக்குள் மட்டும் செல்லும் பெயர். எல்லா ஹோஸ்ட்டிலும் ஒரு விஎம்ஹெச்பிஏ2 இருக்கலாம், கார்டை வேறு ஸ்லாட்டில் போட்டால் அதுவும் மாறலாம். ஐடென்டிஃபையர் என்ற நெடுவரிசையில் இருப்பதுதான் அடையாளம். அந்தத் திரை ஒரு நேரத்தில் ஒரு ஹோஸ்ட்டைத்தான் காட்டும். அதனால் இரண்டு இடத்தில் ஒரே எண் இருப்பது கண்ணில் படாது. பவர்சிஎல்ஐயில் (விஎம்வேரின் கமாண்ட் கருவி) எல்லா ஹோஸ்ட்டின் அடாப்டர்களையும் ஒரே பட்டியலாக எடுத்து, போர்ட் நேம் வாரியாக அடுக்கிப் பாருங்கள். ஒரே எண் அடுத்தடுத்து இரண்டு தடவை வந்தால் கார்டைக் கழற்றிவிடுங்கள், ஸ்விட்சில் மாட்டாதீர்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். சிஸ்கோ யூசிஎஸ் மாதிரி பிளேடு சர்வர்களில் (ஒரே பெட்டிக்குள் செருகும் சர்வர்கள்) போர்ட் நேம் ஒரு பூலில் (எண்களின் தொகுப்பு) இருந்து ஒதுக்கப்படுகிறது. அங்கே கார்டில் எழுதிய எண்ணும் சாஃப்ட்வேர் காட்டும் எண்ணும் ஒத்துப்போகாதது ஏமாற்று வேலை இல்லை. சாதாரண ரேக் சர்வரில் தனியாக வாங்கிப் போட்ட கார்டைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஆர்டர் கொடுக்கும்போதே ஒவ்வொரு கார்டின் போர்ட் நேமையும் சாஃப்ட்வேர் திரையிலிருந்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் போட்டோவை ஏற்காதீர்கள். அதைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள். எங்களுக்கு இதுவரை க்ரெடிட் நோட் தருகிறேன் என்ற பதில்தான் வந்திருக்கிறது. அது வேண்டாம், பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம்.