நடுநகர ஹோட்டலா, நான்கு நிறுத்தம் தள்ளியா?

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிற எந்தப் பயணத்திலும் மதியம் இரண்டரை மணி என்று ஒன்று வரும். காலை எட்டுக்குக் கிளம்பி ஓர் அருங்காட்சியகம், ஒரு பழைய கோட்டை, இரண்டு சதுக்கம் என்று முடித்திருப்போம். கால் கடுக்கும். போனில் சார்ஜ் பதினைந்து சதவீதம்தான் மிச்சம். அடுத்த நிகழ்ச்சி மாலை ஏழுக்கு. நடுநகரில் அறை எடுத்தவர் பத்து நிமிடம் நடந்து போய், ஷூவைக் கழற்றிவிட்டு, ஒரு மணி நேரம் கட்டிலில் விழுந்து எழுந்து, குளித்து வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறார். ஊர்க்கோடியில் அறை எடுத்தவர் பூங்காவில் காலி பெஞ்ச் தேடுகிறார்.

நடுநகர ஹோட்டலுக்கு எதற்காகக் கூடுதல் வாடகை கொடுக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், இந்த மதியத்தைத்தான் காட்டுவேன். ஜன்னல் காட்சியை இரண்டாம் நாளே பார்க்க மறந்துவிடுவோம். லாபியின் சரவிளக்கால் நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் பகலில் ஒருமுறை அறைக்கு வந்து போக முடிவது பயணத்தையே மாற்றிவிடும். குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் கேட்கவே வேண்டாம். அதே சமயம், காலையில் போனால் இரவு படுக்கத்தான் வருவேன் என்கிற ரகமாக இருந்தால், அந்தக் கூடுதல் பணம் வீண். அதனால் ஹோட்டல் தேடுமுன் நட்சத்திரத்தைப் பார்ப்பதைவிட, ஒரு நாளைக்கு எத்தனை தடவை அறைக்கு வருவோம் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். அறையிலிருந்து பார்க்க வேண்டிய இடங்களுக்கு ஒரு வழிக்கு 45 நிமிடம் என்று வையுங்கள். போய்வர ஒன்றரை மணி. நடுவில் ஒருமுறை வந்து போனால் மூன்று மணி. மூன்று நாள் பயணத்தில் ஒன்பது மணி நேரம், ஏறக்குறைய ஒரு முழுப் பகல், ரயிலிலும் நிறுத்தத்திலும் போய்விடுகிறது. வாடகையில் மிச்சம் பிடித்த தொகைக்கு அந்தப் பகலை விற்றிருக்கிறோம். சில சமயம் நல்ல விலைதான், பல சமயம் அடிமாட்டு விலை.

நடுநகர் என்பது எது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முன்பதிவுத் தளங்களில் 'மையத்திலிருந்து 1.2 கிலோமீட்டர்' என்று போட்டிருக்கும். அது வரைபடத்தில் யாரோ குத்திய ஒரு புள்ளியிலிருந்து கணக்கிட்ட தூரம். நடுவில் ஆறு ஓடலாம், ரயில் பாதை குறுக்கே போகலாம், மேட்டில் ஏறிப் போக வேண்டியிருக்கலாம். தூரத்தை விட்டுவிட்டு, நாம் உண்மையில் போகப்போகிற நாலு இடங்களுக்கு நடந்துபோக எத்தனை நிமிடம் என்று வரைபடத்தில் போட்டுப் பாருங்கள்.

சில நகரங்களுக்கு நடு என்று ஒன்று கிடையவே கிடையாது. டோக்கியோவில் ஷின்ஜுகு, ஷிபுயா, உயேனோ, டோக்கியோ ஸ்டேஷன் என்று ஆளுக்கொரு மையம். அவற்றையெல்லாம் கோக்கிற யாமனோட்டே வட்டப்பாதையில் 30 நிலையங்கள், ஒரு சுற்று வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே அந்த வட்டத்தில் எந்த நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கினாலும் நடுநகரில் தங்கிய மாதிரிதான்.

வேறு சில ஊர்களில் நடுநகர் என்று சொல்வது வெறும் ஆபீஸ் பகுதி. லண்டனின் 'சிட்டி' வங்கிகளின் இடம். வார நாளில் நெரிசல் தாங்காது, ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடி, தெரு வெறிச்சோடும். ஆனால் இதில் ஒரு ஆதாயமும் உண்டு. இந்த மாதிரி இடங்களில் ஹோட்டல்கள் வியாபாரப் பயணிகளை நம்பி நடப்பவை, அவர்கள் வெள்ளிக்கிழமை ஊர் திரும்பியதும் அறைகள் காலியாகும். வாரக் கடைசிப் பயணம் என்றால், திங்கள் முதல் வியாழன் வரை எட்டாத உயரத்தில் இருக்கும் நல்ல அறை கைக்கெட்டும் விலைக்கு இறங்குவதை அடிக்கடி பார்க்கலாம். சுற்றுலாத் தலங்கள் நிறைந்த பகுதியில் இது அப்படியே தலைகீழ்.

ஊர்க்கோடியும் விமான நிலையமும்

விமான நிலைய ஹோட்டலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நள்ளிரவில் வந்து இறங்கும் நாளுக்கும், விடியற்காலை விமானத்துக்கு முந்தின இரவுக்கும் அது சரி. ஊர் பார்க்க அங்கே தங்குவது சரிப்படாது. நரிட்டா விமான நிலையத்திலிருந்து டோக்கியோவின் உட்பகுதிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தினமும் அதைக் கடப்பதை ஊர் சுற்றுவது என்று சொல்ல முடியாது.

காரில் வருபவர்களுக்கு மட்டும் ஊர்க்கோடி ஹோட்டல் நியாயமான தேர்வு. நடுநகரில் கார் ஒரு சுமை. நிறுத்தக் கட்டணம் அறை வாடகைக்கு மேல் தனியாக வரும், லண்டன் மாதிரி ஊர்களில் உள்ளே நுழையவே 2003 முதல் நெரிசல் கட்டணமும் இருக்கிறது. ரயில் நிலையத்தை ஒட்டிய ஊர்க்கோடி ஹோட்டலில் காரை விட்டுவிட்டு உள்ளே ரயிலில் போவது உத்தமம்.

உண்மையான போட்டியாளர்

என் கணக்கில் நடுநகர ஹோட்டலுக்கு நிஜமான போட்டி, மெட்ரோவில் மூன்று அல்லது நான்கு நிறுத்தம் தள்ளியிருக்கும் ஹோட்டல்தான். வாடகை கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும், அறை சற்றுப் பெரிதாக இருக்கும், தெருவில் உள்ளூர்க்காரர்கள் நடமாடுவார்கள். பயண நேரம் பதினைந்து நிமிடத்துக்குள் இருந்தால் மதியம் திரும்பி வருவதும் நடக்கும்.

ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. முதலாவது, ஒரே பாதையில், வண்டி மாறாமல் போக வேண்டும். ஒரு மாற்றம் என்றால் வரைபடத்தில் நாலு நிமிடம் காட்டும், நடைமுறையில் படிக்கட்டும் சுரங்கப் பாதையும் சேர்ந்து பத்தாகும், களைத்த காலுக்கு இருபதாகத் தெரியும். நிலையத்திலிருந்து ஹோட்டல் வாசலுக்கு நடை ஆறேழு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பழைய மெட்ரோக்களில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிற நிலையங்கள் ஏராளம்.

கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதும் முக்கியம். டோக்கியோவில் நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுவிடும். லண்டனில் 2016-இல் இரவு நேரச் சுரங்க ரயில் வந்தது, அதுவும் வெள்ளி, சனி இரவுகளில் சில பாதைகளில் மட்டும். இரவு நாடகமோ கச்சேரியோ பார்க்கப் போகிறவர், ரயிலைத் தவறவிட்டு ஒருமுறை டாக்சியில் வந்தால், அன்றைக்கு மிச்சம் பிடித்த வாடகை அதிலேயே கரைந்துவிடும்.

இத்தனையும் சரியாக அமைந்தால் நான் யோசிக்காமல் நான்கு நிறுத்தம் தள்ளிப் போய்விடுவேன். நாலு இரவுக்கு மேல் தங்குகிற பயணம் என்றால் குறிப்பாக. ஓரிரண்டு இரவு மட்டும் என்றால் நடுநகரையே எடுப்பேன். அத்தனை குறைந்த நேரத்தில் ஊரின் ரயிலைப் பழகுவதற்குள் கிளம்பும் நாள் வந்துவிடும்.

வாடகை வீடு

2007 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வடிவமைப்பு மாநாடு. ஹோட்டல்கள் நிரம்பிவிட்டன. வீட்டு வாடகை கட்ட முடியாமல் இருந்த இரண்டு நண்பர்கள், தங்கள் அறையில் காற்று நிரப்பும் மெத்தைகளைப் போட்டு மாநாட்டுக்கு வந்தவர்களைத் தங்கவைத்தார்கள். அடுத்த ஆண்டு அது, வீடுகளைப் பயணிகளுக்கு வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி நிறுவனமாக மாறியது. நடுநகர ஹோட்டலில் இடமில்லாத குறையிலிருந்து பிறந்த யோசனை பின்னாளில் அந்த ஹோட்டல்களுக்கே போட்டியாக வந்து நின்றது.

குடும்பமாகப் போனால் வீட்டுக்கு நிகரில்லை. இரண்டு படுக்கையறை, துவைக்கும் இயந்திரம், சமையலறை. ஹோட்டலில் இதே நாலு பேருக்கு இரண்டு அறை எடுக்க வேண்டும், நடுவில் கதவு இருக்கிற அறைகள் கிடைத்தால் அதிர்ஷ்டம். வாரக் கணக்கில் தங்கினால் வீடு இன்னும் லாபம், ஏனென்றால் சுத்தம் செய்யும் கட்டணத்தைப் பொதுவாக ஒரே முறைதான் போடுவார்கள். பத்து இரவில் அது கரைந்துவிடும். இரண்டு இரவில் அதுவே அரை வாடகை மாதிரி கனக்கும்.

குறை எங்கே என்றால், முதல் நாளும் கடைசி நாளும். காலை ஆறு மணிக்கு ஊரில் இறங்குகிறோம், வீடு கிடைப்பது மாலை மூன்றுக்கு. பெட்டியை எங்கே வைப்பது? ஹோட்டலில் ரிசப்ஷனில் கொடுத்துவிட்டு ஊர் பார்க்கப் போய்விடலாம். கிளம்பும் நாளிலும் பதினொன்றுக்கு அறையைக் காலி செய்து, பெட்டியை அங்கேயே விட்டு, இரவு விமானத்துக்கு முன் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு முறை வீடு எடுத்தபோது சாவிப் பெட்டியின் எண் தவறு, வீட்டுக்காரர் போன் எடுக்கவில்லை. மாடிப்படியில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் போயிற்று. ஹோட்டலில் என்ன கோளாறு என்றாலும் கேட்க கீழே ஒரு ஆள் இருப்பார்.

அப்புறம் சட்டம். நியூயார்க்கில் 30 நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுபவர் நகராட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும், அவரும் அந்த வீட்டில் இருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. 2023 செப்டம்பர் முதல் இதைக் கறாராக அமல்படுத்துகிறார்கள். பார்சிலோனா 2028 நவம்பருக்குள் சுற்றுலா வீடுகளின் உரிமங்களை, பத்தாயிரத்துக்கும் மேல் இருப்பவற்றை, புதுப்பிக்காமல் விடப்போவதாக 2024-இல் அறிவித்தது. நாம் பதிவு செய்த வீடு முறைப்படி நடப்பதா என்று ஊருக்கு ஊர் பார்த்துக்கொள்ள வேண்டிய காலம் இது. வீட்டின் சமையலறையும் வேண்டும், ரிசப்ஷனும் வேண்டும் என்றால் சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுக்கலாம். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் என் முதல் தேர்வு அதுதான்.

பலர் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் ஹாஸ்டலும், ஆள் படுக்கும் அளவுக்குப் பெட்டி மாதிரி இடம் தரும் கேப்ஸ்யூலும் தனி ஆளுக்கு மட்டும். ஒசாகாவில் 1979-இல் திறந்த முதல் கேப்ஸ்யூல் ஹோட்டல் முதற்கொண்டு அந்த வகைக்குப் படுக்க ஓரிடம் என்பதே அடிப்படை. நடுநகரில் தங்க மலிவான வழி, ஆனால் நான் சொன்ன மதியத் தூக்கம் அங்கே அவ்வளவு சுலபமில்லை. சில இடங்களில் சுத்தம் செய்யும் நேரத்தில் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள்.

நடுநகரின் பெரிய குறை

சத்தம். வசதியான ஹோட்டல் என்று சொல்லும்போது மெத்தையையும் குளியலறையையும் நினைக்கிறோம். 1908-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஸ்டாட்லர் ஹோட்டல் ஒவ்வொரு அறைக்கும் தனிக் குளியலறை கொடுத்தபோது அது புதுமை. இன்றைக்கு அது எங்கும் கிடைக்கும். நடுநகரில் கிடைக்காதது நிசப்தம். நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறையில் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வழிகாட்டியது. பார் இருக்கிற தெருவைப் பார்த்த மூன்றாம் மாடியில் அதெல்லாம் கனவு.

போதாததற்கு நம் மூளையும் ஒத்துழைக்காது. பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி முழுசாக ஆழ்ந்து தூங்காமல் காவல் இருக்கிறது என்று பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். இரண்டு இரவுக்கு ஒரு ஹோட்டல் என்று மாறிக்கொண்டே இருப்பது எனக்குப் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு நாம் செய்யக்கூடியது, ஹோட்டலைத் தேர்ந்த மாதிரியே அறையையும் தேர்வது. லிஃப்டை ஒட்டிய அறை வேண்டாம். பக்கத்து அறைக்குக் கதவு இருக்கிற அறையில் அவர்களுடைய தொலைக்காட்சி நம் காதில் விழும். மொட்டைமாடியில் பார் இருந்தால் அதற்குக் கீழ்த் தளம் ஆகாது. தெருவைப் பார்த்த அறையைவிட உள்முற்றத்தைப் பார்த்த அறை காட்சியில் மட்டம், தூக்கத்தில் உயர்த்தி. ஒருமுறை காட்சிக்கு ஆசைப்பட்டு முன்பக்க அறை எடுத்தேன். விடியற்காலை நாலரைக்குக் காலி பாட்டில் அள்ளும் லாரி கீழே வந்து நின்றது, மூன்று நாளும்.

விலையை ஒப்பிடும்போது கடைசித் தொகையை மட்டும் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகையின் மேல் சுற்றுலா வரி 2024 முதல் 12.5 சதவீதம். அமெரிக்காவில் ரிசார்ட் கட்டணம் என்ற பெயரில் ஒரு தொகையை முன்பதிவின் கடைசிப் பக்கத்தில் சேர்க்கும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. 2025 மே முதல் கட்டாயக் கட்டணங்களை முதலிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது, இருந்தாலும் அரசு வரி தனியாக வரலாம்.

எனக்கு அடுத்து வருவது மூன்று இரவுப் பயணம், கூடவே அம்மா. நடுநகரில்தான் போட்டிருக்கிறேன். பணம் கட்டி முடித்ததும் ஹோட்டலுக்கு ஒரே ஒரு மின்னஞ்சல்: லிஃப்டுக்குத் தள்ளி, உள்முற்றம் பார்த்த அறை, நடுக்கதவு வேண்டாம். முடிந்தவரை பார்க்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. காதடைப்பானையும் பெட்டியில் போட்டுவிட்டேன்.