பாசமில்லாத குரல்: எட்ஜ் உலாவியின் வாசிப்பு வசதியைக் கொண்டு கதை திருத்திய அனுபவம்

கதையை எழுதி முடித்ததும் உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது எழுத வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் கிடைக்கும் அறிவுரை. பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர், ருவான் நகருக்கு அருகில் ஆற்றங்கரையில் இருந்த தம் வீட்டில், எழுதிய வாக்கியங்களைத் தொண்டை கிழியக் கத்திப் படித்துச் சோதித்தார் என்பது இலக்கிய உலகம் அறிந்த செய்தி. நானும் பல ஆண்டுகள் அப்படிப் படித்துத்தான் திருத்தினேன். ஆனால் எழுதியவனே படிக்கும்போது ஒரு கள்ளத்தனம் நடக்கிறது. விட்டுப்போன சொல்லை வாய் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. சப்பென்று கிடக்கும் வாக்கியத்தைக் குரல் ஏற்றி இறக்கிக் காப்பாற்றிவிடுகிறது. தாளில் இருப்பதை மட்டும் படிக்கிற, என் கதையின்மேல் துளியும் பாசமில்லாத ஒரு குரலைத் தேடித்தான் மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியில் உள்ள உரக்கப் படிக்கும் வசதிக்கு வந்து சேர்ந்தேன். எட்டு மாதங்களாகச் சிறுகதைகளைத் திருத்துவதற்கு இதைப் பயன்படுத்தி வருகிறேன்.

இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கதையை பி.டி.எஃப். கோப்பாக மாற்றி உலாவியில் திறந்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், யூ ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் வாசிப்பு தொடங்கிவிடும். தமிழுக்கு எட்டுக் குரல்கள் உள்ளன: இந்தியாவுக்குப் பல்லவி, வள்ளுவர், இலங்கைக்குச் சரண்யா, குமார், சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு, மலேசியாவுக்குக் கனி, சூர்யா. உரைநடையைத் திருத்த உட்காருகிறவனுக்கு முன்னால் வெண்பா என்று பெயரிட்ட ஒரு குரலைக் கொண்டுவந்து நிறுத்தியவர் யாராக இருந்தாலும் குறும்புக்காரராகத்தான் இருக்க வேண்டும். இந்தக் குரல்களுக்கு இணைய இணைப்பு தேவை என்பதையும், படிக்கப்படும் உரை நம் கணினியைத் தாண்டி வெளியே போய்த்தான் ஒலியாகத் திரும்புகிறது என்பதையும் அச்சேறாத கதையை வைத்திருப்பவர்கள் நினைவில் கொள்வது நல்லது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றாமல் கொடுத்தால் எந்த வாசிப்புக் கருவியிலும் பொருளற்ற ஓசைதான் கிடைக்கும்.

இனிப் பயனுக்கு வருகிறேன். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்பதால், கதையின் ஓசையைக் கெடுப்பதும் காப்பதும் அந்தக் கடைசிச் சொல்தான். என் கதை ஒன்றில் இப்படி ஒரு பத்தி இருந்தது: “முருகேசன் கதவைத் திறந்தான். உள்ளே வந்தான். சட்டையைக் கழற்றினான். ஆணியில் மாட்டினான். சொம்பை எடுத்தான்.” கண்ணால் படித்தபோது சுருக்கமான, விறுவிறுப்பான நடை என்று எனக்கே ஒரு பெருமிதம் இருந்தது. வள்ளுவர் குரலில் கேட்டபோதோ, ஐந்து தடவை ஒரே இடத்தில் சுத்தியல் விழுந்தது. “முருகேசன் கதவைத் திறந்து உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். சொம்பில் தண்ணீர் இல்லை” என்று மாற்றினேன். மூன்று வினைகள் எச்சமாகி நான்காவதில் போய் முடிந்தன. அடுத்த வாக்கியம் ‘இல்லை’ என்று வேறோர் ஓசையில் நின்றதால், வீட்டுக்கு வந்த மனிதனின் களைப்பும் அதில் ஏறிக்கொண்டது. சொம்பை அவன் எடுத்தானா என்று இப்போது சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

எதிர்பாராத மோனையையும் இந்தக் குரல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. “கடைக்காரர் கணக்கைக் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்கண்ணால் கவனித்தார்” என்ற வரியை நான் மூன்று முறை திருத்தியும் கண்டுகொள்ளவில்லை. கடன்பட்டவனின் அவமானத்தைச் சொல்ல வந்த இடம் அது. காதில் விழுந்ததோ பட்டிமன்றப் பேச்சாளரின் அடுக்குமொழி. அதைப் போலவே, ஒரே பக்கத்தில் ஆறு இடங்களில் ‘கொண்டிருந்தான்’, ‘கொண்டிருந்தாள்’ என்று வால் நீண்டுகிடந்ததும், ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்பும் ‘ஒரு’ வந்து குந்தியிருந்ததும் கேட்டபிறகுதான் தெரிந்தது. ‘ஒரு’ என்பதை எடுத்துவிட்டால் பெரும்பாலான இடங்களில் வாக்கியம் நிமிர்ந்து நிற்கிறது. வல்லினம் மிகவேண்டிய இடத்தில் ஒற்றை விட்டிருந்தாலும் கூர்ந்து கேட்டால் பிடிபடும், ஆனால் அதற்குக் கொஞ்சம் பழகிய காது வேண்டும்.

படிக்கும் சொல் திரையில் நிறம் மாறிக் காட்டப்படுவதை நான் முதல் சுற்றில் பார்ப்பதில்லை. கண் முன்னே ஓடினால் காது சோம்பிப்போகும். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கையில் பென்சிலும் துண்டுத்தாளும் வைத்துக்கொண்டு, கவனம் சிதறிய இடத்தின் சொல்லை மட்டும் குறித்துக்கொள்வேன். கவனம் சிதறிய இடங்களில் பெரும்பாலானவை நான் மிகவும் ரசித்து எழுதிய வருணனைகள் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேகத்தைச் சற்றுக் குறைத்து வைப்பதே சரி. கூட்டினால் எல்லாக் கதையும் செய்தி அறிக்கையாகிவிடும்.

குறைகள் என்று நான் சொல்லப்போகிறவை எந்த இயந்திரக் குரலுக்கும் பொருந்துபவை. தமிழில் ஒரு வல்லின எழுத்து எப்படி ஒலித்தாலும் அதற்கு ஒரே வரிவடிவம் என்பதால், பழிபாவத்தில் வரும் ‘பாவமும்’ நடனக்காரியின் முகத்தில் தெரியும் ‘பாவமும்’ எழுத்தில் ஒன்றே. குரல் சூழலை வைத்து ஊகிக்க வேண்டும், ஊகம் தவறினால் காட்சி கெடும். இதைவிடப் பெரிய சிக்கல் மூச்சு. இயந்திரத்துக்கு மூச்சு வாங்குவதில்லை. பெயரெச்சத்தின்மேல் பெயரெச்சமாக அடுக்கி, எழுவாயை எங்கோ தொலைத்துவிட்டு அரைப் பக்கம் ஓடுகிற வாக்கியத்தையும் அது கடைசிவரை ஒரே சீராகப் படித்துவிடும். மனிதர் படித்தால் மூன்றாவது எச்சத்திலேயே தடுமாறி, ‘யாரைச் சொல்கிறாய்?’ என்று நிமிர்ந்து பார்ப்பார். ஆகவே நீண்ட வாக்கியங்களைச் சோதிக்க நான் இன்றும் என் வாயையே நம்புகிறேன். எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறதோ அங்கே கமாவோ முற்றுப்புள்ளியோ தேவைப்படுகிறது, அல்லது அந்த வாக்கியமே தேவையில்லை.

உரையாடல்களுக்கு இந்த வசதி ஏறக்குறையப் பயன்படவில்லை. எட்டுக் குரல்களும் நான்கு நாடுகளுக்கு உரியவையே தவிர, ஊருக்கு உரியவை அல்ல. திருநெல்வேலிப் பேச்சில் ‘வந்திருக்காவ’ என்று மரியாதையும் நெருக்கமுமாக நீளும் சொல், இயந்திரத்தின் வாயில் எழுத்துப்பிழை போல் ஒலிக்கிறது. அதற்காக நான் பாளையங்கோட்டையில் இருக்கும் அத்தையிடம்தான் போக வேண்டியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு வரி படித்தவர், தாளைத் தாழ்த்தி, “ஏல, இப்படி யாரு பேசுவா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக அரைநாள் உட்கார்ந்து உரையாடல் முழுவதையும் மாற்றினேன்.

அதே நாளில் வேறொன்றும் நடந்தது. குரலைக் கேட்டு நான் அடித்துவைத்திருந்த ‘பார்த்துக்கொண்டிருந்தாள்’ என்ற சொல், கோட்டுக்கு அடியில் தெரிந்ததால், அத்தை அதையும் சேர்த்தே படித்தார். கணவன் போன பாதையைக் கிழவி பார்த்திருக்கும் இடம் அது. ‘பார்த்துக்கொண்டு’ என்பதில் சற்றே நின்று, ‘இருந்தாள்’ என்பதைத் தணிந்த குரலில் இழுத்து முடித்தார். மற்ற ஐந்து இடங்களிலும் வாலை நறுக்கிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் கோட்டை அழித்து அப்படியே வைத்திருக்கிறேன்.